எச்.பி. கேட்டு கம்ப்ரசர் வாங்காதீர்கள்

பட்டறை, ஆலை, மில் என்று பல இடங்களிலிருந்தும், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலவும் "எத்தனை எச்.பி. போடலாம்?" என்றே தொடங்குகின்றன. எச்.பி. என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு காற்று தரும் என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது: சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. அங்கிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: பட்டறைக்கு 10 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் விசாரித்தோம். ஒரு கடையில் 45 சி.எஃப்.எம். என்கிறார்கள், இன்னொரு கடையில் 35 என்கிறார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். 45 உள்ளதையே வாங்கிவிடலாமா? (கோவை கணபதியிலிருந்து)

அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே திறனுள்ள மெஷினாகக்கூட இருக்கலாம். 45 என்பது பெரும்பாலும் 'டிஸ்பிளேஸ்மென்ட்'. அதாவது முதல் கட்ட சிலிண்டரின் கொள்ளளவை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி வரும் எண். பிஸ்டன் மேலே போகும்போது தலைப்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சும். அங்கே தங்கிய அழுத்தக் காற்று திரும்ப விரிந்து, புதுக் காற்று வரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். வால்வு கசியும், சிலிண்டர் சூட்டில் காற்று விரியும். இவையெல்லாம் போக வெளியே வருவதுதான் எஃப்.ஏ.டி. எனப்படும் உண்மையான காற்று. 7 கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ), காற்றை இரண்டு தடவையாக அழுத்தும் இரண்டு கட்ட பிஸ்டன் மெஷினில் இது டிஸ்பிளேஸ்மென்ட்டில் 75 முதல் 80 சதவீதம் வரை இருக்கும். ஒற்றைக் கட்டத்தில் 65 சதவீதம் கிடைத்தாலே நல்லது. 45-இல் 78 சதவீதம் போட்டுப் பாருங்கள், 35 வந்துவிடும்.

எனவே கொட்டேஷனில் இந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள்: "7 கிலோ பிரஷரில் எஃப்.ஏ.டி. இத்தனை சி.எஃப்.எம்., ஐ.எஸ்.ஓ. 1217 முறைப்படி." எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மனக்கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: பிஸ்டனுக்குப் பதில் இரண்டு திருகு ரோட்டர்கள் சுழன்று காற்றை அழுத்தும் நல்ல ஸ்க்ரூ மெஷின் 7 கிலோவில் ஒரு எச்.பி.க்கு ஏறக்குறைய 4 சி.எஃப்.எம். தரும். 10 எச்.பி.யில் 50 தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த பிரஷரில் என்று கேளுங்கள்.

அடுத்தது உங்கள் தேவை. ஒவ்வொரு மெஷினின் கையேட்டிலும் காற்றுச் செலவு போட்டிருக்கும். ஒன்றில் நிமிடத்துக்கு லிட்டர், இன்னொன்றில் மணிக்குக் கன மீட்டர் என்று இருந்தால் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 1 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர், மணிக்கு 1.7 கன மீட்டர். பிறகு ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் காற்று எடுக்கிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். 3 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர் கன் 6 கிலோவில் அழுத்திப் பிடித்தால் 20 சி.எஃப்.எம். வரை குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பிடிக்கிறீர்கள் என்றால் கணக்கில் 7 போதும். ஆனால் மணல் பிளாஸ்டிங் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. 6 மில்லிமீட்டர் நாசில் ஒன்றே 80 சி.எஃப்.எம்.க்கு மேல் இழுக்கும், அதுவும் இடைவிடாமல். கூட்டிய எண்ணோடு கசிவுக்கும் வருங்காலத்துக்குமாக 20 சதவீதம் சேர்த்தால் போதும். இரண்டு மடங்கு வாங்கி வைத்தால் மெஷின் பாதி நேரம் சும்மா ஓடும்.

பிரஷரிலும் இதே பேராசை வேண்டாம். உங்கள் மெஷினுக்கு 5.5 கிலோ போதுமென்றால் கம்ப்ரசரில் 6.5 வைத்தால் சரி. ஒவ்வொரு கிலோ கூட்டும்போதும் கரண்ட் 6 முதல் 7 சதவீதம் ஏறும். 10 கிலோ மெஷினை "இருக்கட்டுமே" என்று வாங்குகிறவர்கள் உண்டு. அதே மோட்டாரில் 7 கிலோவுக்கு 42 சி.எஃப்.எம். தரும் மாடல், 10 கிலோவுக்கு 33, 34 தான் தரும்.

கேள்வி: பிஸ்டனா, ஸ்க்ரூவா? ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் உதிரிபாகப் பட்டறை எங்களுடையது. (ஓசூர்)

ஷிஃப்ட் எத்தனை என்பதை விட, அந்த எட்டு மணி நேரத்தில் கம்ப்ரசர் எத்தனை நிமிடம் லோடில் (காற்றை அழுத்தும் வேலையில்) இருக்கும் என்பதுதான் முக்கியம். காற்றால் குளிரும் பிஸ்டன் மெஷினுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் ஆறு, ஏழு நிமிடம் ஓடி மீதி நேரம் நின்றால் அது பல வருஷம் உழைக்கும். நிற்காமல் ஓட்டினால் சிலிண்டர் தலை கொதிக்கும், எண்ணெய் கரியாகி வால்வுத் தகட்டில் படியும், தகடு சரியாக மூடாது. மூடாத வால்வு வழியே சூடான காற்று திரும்ப வந்து இன்னும் சூடேற்றும். "நேற்று வரை 7 கிலோ ஏறியது, இன்று 5-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது" என்ற புகார் பெரும்பாலும் இந்த வால்வில்தான் முடியும்.

ஸ்க்ரூ அதற்கு நேர் எதிர். நாள் முழுக்க லோடில் ஓடுவது அதற்குப் பிடித்த வேலை. விட்டுவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளே எண்ணெய் சூடாகவே நேரம் இருக்காது. எண்ணெய் 70 டிகிரியாவது எட்டாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் ஆவியாக வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறும், பேரிங் துருப்பிடிக்கும். பங்க்சர் கடைக்கு ஸ்க்ரூ வாங்கக் கூடாது என்பது விலைக்காக மட்டும் அல்ல.

உங்கள் தேவை 20 சி.எஃப்.எம்.க்குள், விட்டுவிட்டு என்றால் இரண்டு கட்ட பிஸ்டன். 30-க்கு மேல், பெரும்பாலான நேரம் என்றால் ஸ்க்ரூ. நடுவில் இருக்கிறீர்கள் என்றால் சத்தத்தையும் கணக்கில் சேருங்கள். கூண்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூவின் பக்கத்தில் நின்று பேசலாம். 15 எச்.பி. பிஸ்டன் பக்கத்தில் கத்த வேண்டும்.

கேள்வி: அரிசி ஆலையில் நிறம் மாறிய அரிசியைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் கலர் சார்ட்டர் வைத்திருக்கிறோம். டேங்கில் தினமும் தண்ணீர் திறந்துவிடுகிறோம், இருந்தும் சார்ட்டரில் காற்றை ஊதும் எஜெக்டருக்குத் தண்ணீர் வருகிறது. டேங்கில் வடித்த பிறகும் தண்ணீர் எங்கிருந்து வரும்? (காங்கேயம்)

டேங்கில் நீங்கள் வடிப்பது திரண்ட தண்ணீரை. டேங்கை விட்டுப் போகும் காற்றில் ஆவியாகவே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அது குழாயில் போகப் போகக் குளிர்ந்து மறுபடி திரளும்.

எண்ணில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். மழைக்காலத்தில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். 100 சி.எஃப்.எம். மெஷின் மணிக்கு 170 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அதோடு சேர்த்து 4 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரையும் ஆவியாக இழுக்கிறது. 7 கிலோவுக்கு அழுத்தி 40 டிகிரிக்குக் குளிர்த்தால் அதில் 3 லிட்டர் கூலரிலும் டேங்கிலும் திரளும். மிச்சம் ஒரு லிட்டர் சொச்சம் ஆவியாகக் குழாய்க்குள் போகும். ராத்திரி ஷிஃப்டில் குழாய் 30 டிகிரிக்கு இறங்கினால் அதிலிருந்து மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் உங்கள் சார்ட்டர் வாசலில் சொட்டும். எவ்வளவு திறந்துவிட்டாலும் டேங்க் இதைத் தடுக்காது.

தீர்வு ரெஃப்ரிஜிரேஷன் ட்ரையர். அது காற்றை 3 டிகிரி வரை குளிர்த்து, திரளும் நீரை வடித்துவிட்டு, காற்றை மறுபடி சூடாக்கி அனுப்புகிறது. அதற்குப் பிறகு குழாய் 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் தண்ணீர் வரும். காங்கேயத்தில் அது நடக்காது. மைனஸ் 40 டிகிரி வரை தண்ணீர் திரளாத காற்றைத் தரும், ஈரம் உறிஞ்சும் டெசிகன்ட் ட்ரையர் உங்களுக்கு வேண்டியதில்லை. ஹீட்டர் இல்லாத வகை டெசிகன்ட், தன்னை உலர்த்திக்கொள்ளவே 15 சதவீதத்துக்கு மேல் காற்றை வெளியே விட்டுவிடும்.

வரிசை முக்கியம்: கம்ப்ரசர், கூலர், டேங்க், முன் ஃபில்டர், ட்ரையர், நுண் ஃபில்டர், பிறகு லைன். இனி ட்ரையர் வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடம். கேட்லாகில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் உள்ளே வரும் காற்று 35 டிகிரி, அறை 25 டிகிரி என்ற கணக்கில் சொல்வது. நம் ஊரில் சித்திரையில் அறையே 40-ஐத் தாண்டும், காற்று 45, 50-இல் வரும். அதனால் 100 சி.எஃப்.எம். கம்ப்ரசருக்கு 100 ட்ரையர் போட்டால் வெயில் நாளில் தோற்கும். 140, 150 பாருங்கள்.

ட்ரையர் இருந்தும் தண்ணீர் வருகிறது என்றால் முதலில் தண்ணீரைத் தானாக வடிக்கும் ஆட்டோ டிரெயினைக் கழற்றிப் பாருங்கள். அதிலுள்ள சின்ன வலை துருவும் எண்ணெய்க் கசடும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ட்ரையர் தண்ணீரைத் திரட்டும், வெளியே விட வழியில்லாமல் காற்றோடு திரும்ப அனுப்பும். மாதம் ஒருமுறை வலையைக் கழுவினால் போதும். அடுத்து கண்டென்சர் ரெக்கைகள். அரிசி ஆலையில் தவிட்டுத் தூசி அதில் கம்பளி போலப் படியும். ட்ரையரை ஆலைக்கு உள்ளே வைக்காமல், தூசி வராத தனி அறையில் வைப்பது நல்லது. கம்ப்ரசருக்கும் இதே அறிவுரைதான்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழே சமவெளியில் இருக்கும் ஒரு ஆலை பயன்படுத்தும் அதே மாடல் கம்ப்ரசரை வாங்கினோம். அங்கே போதும் என்றது இங்கே சார்ட்டருக்குப் போதவில்லை. மெஷின் கோளாறா? (குன்னூர்)

மெஷின் சரி. குறைவது காற்று. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1 பார் இருக்கும் வளிமண்டல அழுத்தம் அங்கே 0.8 பார் அளவில்தான் இருக்கும். கம்ப்ரசர் உள்ளே இழுக்கும் கன அளவு மாறாது, ஆனால் அந்தக் கன அளவுக்குள் இருக்கும் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளியில் 100 சி.எஃப்.எம். தேவைப்படும் வேலைக்கு உங்களுக்கு 120, 125 வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மீட்டரில் 7 கிலோ காட்ட, சமவெளியில் காற்றை ஏறக்குறைய 8 மடங்கு அழுத்தினால் போதும். உங்கள் ஊரில் 9.5 மடங்குக்கு மேல். அதனால் ஒற்றைக் கட்ட பிஸ்டன் மெஷின் அங்கே வேகமாகச் சூடாகும். இரண்டு கட்டமோ ஸ்க்ரூவோதான் பொருத்தம். 1,000 மீட்டருக்கு மேல் மோட்டாரைக் குளிர்த்தும் காற்றும் மெலிந்திருப்பதால், மோட்டார் அளவையும் விற்பவரிடம் உயரத்தைச் சொல்லிச் சரிபாருங்கள். மூடுபனி உள்ள இடம், குழாய் வெளிச் சுவரில் ஓடினால் ராத்திரி நன்றாகக் குளிரும். ட்ரையர் இல்லாமல் சார்ட்டரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. கம்ப்ரசர்தான் காரணம் என்கிறார்கள். கசிவை எப்படி அளப்பது? கருவி வேண்டுமா? (திருப்பூர்)

கையில் கடிகாரம் போதும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்துங்கள், காற்று வால்வுகளை மட்டும் திறந்தே வையுங்கள். கம்ப்ரசரை ஓட விடுங்கள். யாரும் காற்று எடுக்கவில்லை, ஆனாலும் அது அவ்வப்போது லோடுக்குப் போகும். எத்தனை விநாடி லோடில், எத்தனை விநாடி அன்லோடில் (காற்று தராமல் சும்மா ஓடுவது) என்று பத்துச் சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 40 விநாடி, அன்லோடு 120 விநாடி என்றால், 40-ஐ 160-ஆல் வகுங்கள்: கால் பங்கு. உங்கள் மெஷின் 100 சி.எஃப்.எம். என்றால் 25 சி.எஃப்.எம். கசிகிறது. அதை உண்டாக்க 4.5 கிலோவாட் வரை செலவாகிறது. இரண்டு ஷிஃப்ட், வருஷத்துக்கு 300 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 1,70,000 ரூபாய்க்கு மேல். ஒழுங்காகப் பராமரிக்கும் ஆலையில் கசிவு 10 சதவீதத்துக்குள் நிற்கும்.

எங்கே தேடுவது? நீளமான இரும்புக் குழாயில் அல்ல, கடைசி இரண்டு மீட்டரில். குயிக் கப்ளரின் உள்ளே தேய்ந்த ஓ-ரிங், நீல நிற பி.யூ. (பாலியூரிதேன்) டியூப் சாய்வாக வெட்டப்பட்ட முனை, ஹோஸ் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டிய கம்பி, எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) கிண்ணத்தின் அடி டிரெயின், யாரோ "தண்ணீர் தானாகப் போகட்டும்" என்று லேசாகத் திறந்து வைத்த டேங்க் வால்வு. சோப்பு நுரையை பிரஷால் தடவுங்கள். பி.யூ. டியூபைக் கத்தரியால் வெட்டாமல் அதற்கான கட்டரால் நேராக வெட்டச் சொன்னாலே பாதி அடங்கும். ஓடாத மெஷினுக்குப் போகும் லைனில் ஒரு பால் வால்வு போட்டு, வேலை முடிந்ததும் மூடுவதை வழக்கமாக்குங்கள்.

கசிவை அடைத்த பிறகு கம்ப்ரசரின் செட்டிங்கை அரை கிலோ குறைத்துப் பாருங்கள். பிரஷர் போதவில்லை என்று முன்பு யாரோ ஏற்றி வைத்தது அப்படியே இருக்கும்.

கேள்வி: வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவ்) உள்ள கம்ப்ரசர் போட்டால் 35 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். நம்பலாமா? (கரூர்)

உங்கள் லோடு எப்படி என்பதைப் பொறுத்தது. சாதாரண ஸ்க்ரூ மெஷின் அன்லோடில் காற்றே தராமல் முழு லோடு கரண்டில் 25 முதல் 40 சதவீதம் வரை எடுத்துக்கொண்டே ஓடும். இந்த வீண் செலவைத்தான் வி.எஃப்.டி. மிச்சப்படுத்துகிறது. வீணே இல்லாத இடத்தில் மிச்சமும் இல்லை.

50 எச்.பி. மெஷின் ஒன்று லோடில் 40 கிலோவாட்டும் அன்லோடில் 12 கிலோவாட்டும் எடுக்கிறது என்று கொள்வோம். 60 சதவீத நேரம் லோடு என்றால் சராசரி 29 வரும். அதே காற்றை வி.எஃப்.டி. 25, 26-இல் தந்துவிடும். பிரஷர் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்பதால் செட்டிங்கையும் அரை கிலோ குறைக்கலாம், அதில் இன்னும் ஒன்று குறையும். மொத்தம் 4 கிலோவாட், அதாவது 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் மெஷின் 90 சதவீத நேரம் லோடிலேயே இருந்தால் வி.எஃப்.டி. நஷ்டம்தான், ஏனென்றால் டிரைவ் தன் பங்குக்கு 2 முதல் 4 சதவீதம் தின்னும். 35 சதவீதம் என்பது பாதிக்கு மேல் சும்மா ஓடும், டேங்கும் சின்னதான மெஷினை மாற்றும்போது கிடைக்கலாம். அந்த இடத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஏன் இவ்வளவு பெரிய மெஷினை வாங்கினோம் என்று.

இரண்டு மெஷின் இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் வி.எஃப்.டி. ஆக்குவது நல்ல யோசனை. அதில் ஒரு கண்ணி உண்டு. நிலையாக ஓடுவது 100 சி.எஃப்.எம்., வி.எஃப்.டி. 20 முதல் 60 வரை தரும் என்று வையுங்கள். தேவை 80 என்றால்? வி.எஃப்.டி. தனியாகப் போதாது, பெரியது தனியாக மிகை. பெரியது லோடு, அன்லோடு என்று ஆடத் தொடங்கும், செலவழித்ததெல்லாம் வீண். வி.எஃப்.டி. மெஷினின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலான வித்தியாசம், நிலையான மெஷினின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது வி.எஃப்.டி. இரண்டில் பெரியதாக இருக்கட்டும்.

கேள்வி: ஸ்க்ரூ கம்ப்ரசரில் வாரம் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. கீழே சொட்டு இல்லை. காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் செபரேட்டரை மாற்றியும் பயனில்லை. (திண்டுக்கல்)

கீழே சொட்டவில்லை என்றால் காற்றோடு போகிறது. 100 சி.எஃப்.எம். மெஷின் நல்ல நிலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராம் எண்ணெய் விட்டாலும், 6,000 மணி நேரத்துக்கு 3 லிட்டர் சொச்சம்தான் ஆகும். வாரம் ஒரு லிட்டர் என்பது கோளாறு. செபரேட்டர்தான் விலை கூடிய பாகம், அதையே எல்லோரும் முதலில் மாற்றுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

எண்ணெய் மட்டத்தை ஓடும்போது பார்த்து ஊற்றுகிறார்களா? மெஷினை நிறுத்தி, உள் பிரஷர் இறங்கி, பத்து நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மட்டம் காட்டும் கண்ணாடி நிறைய ஊற்றிவிட்டால் மிகையானது எல்லாம் செபரேட்டரை நனைத்து வெளியே போகும். குறைகிறதே என்று மறுபடி ஊற்றுவார்கள். இந்தச் சுழல் மாதக் கணக்கில் ஓடும்.

அடுத்து ஸ்கேவெஞ்ச் லைன். செபரேட்டரின் அடியில் சேரும் எண்ணெயை, ரோட்டர்கள் சுழலும் ஏர் எண்டுக்குத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழாய் அது. நடுவில் கண்ணாடி இருந்தால் லோடில் எண்ணெயும் குமிழியுமாக நகர்வது தெரியும். நகராமல் நின்றால் ஊசித் துளை அடைத்திருக்கிறது. கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும். செபரேட்டர் மாற்றியும் பயனில்லை என்று சொல்கிற இடங்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புது செபரேட்டருக்குள் அந்தக் குழாயின் முனை அடி வரை எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது மினிமம் பிரஷர் வால்வு. உள்ளே 4 கிலோவாவது ஏறிய பிறகே காற்றை வெளியே விடுவது அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஆலையில் காற்றுத் தேவை மிஞ்சி பிரஷர் 4-க்குக் கீழே கிடந்தாலோ, காற்று விரிந்து வேகமாக செபரேட்டரைக் கடக்கும், எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். கடைசியாக எண்ணெய் வகை. இரண்டு வகை எண்ணெயைக் கலந்தால் நுரைக்கும். லாரி என்ஜின் ஆயில் ஊற்றவே கூடாது. அதிலுள்ள டிடர்ஜென்ட், தண்ணீரை எண்ணெயோடு கலந்து பிடித்து வைத்துக்கொள்ளும்.

செபரேட்டர் மாற்றும்போது கேஸ்கட்டில் குத்தியிருக்கும் சின்ன உலோக ஊசியைப் பிடுங்கி எறியாதீர்கள். செபரேட்டரில் சேரும் நிலை மின்சாரம் அதன் வழியாகத்தான் பாடிக்கு இறங்குகிறது. அது இல்லாவிட்டால் உள்ளே பொறி தட்டித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

கேள்வி: மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு சூட்டில் ட்ரிப் ஆகிறது. மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை. (ஆம்பூர்)

ஒரு சின்ன கழித்தல் செய்யுங்கள். கன்ட்ரோலர் காட்டும் டிஸ்சார்ஜ் சூட்டிலிருந்து, மெஷின் காற்று இழுக்கும் ஜன்னல் அருகே உள்ள சூட்டைக் கழியுங்கள். காலையிலும் மதியமும் இந்த வித்தியாசம் ஒன்றாகவே இருந்தால் மெஷின் சரி, அறைதான் கோளாறு. போன வருஷம் 45 இருந்த வித்தியாசம் இப்போது 60 என்றால் கூலர் அடைப்பு, எண்ணெய் குறைவு, எண்ணெய் ஃபில்டர் அல்லது தெர்மல் வால்வு.

பெரும்பாலும் அறைதான். கம்ப்ரசர் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 50 எச்.பி. மெஷின் ஓடும் அறை என்பது 37 கிலோவாட் ஹீட்டர் எரியும் அறை. அதை 10 டிகிரி ஏற்றத்துக்குள் பிடித்து வைக்க 6,500 சி.எஃப்.எம்.க்கு மேல் காற்று மாற வேண்டும். சுவரில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்குப் போதாது. கூலரிலிருந்து வரும் சூடான காற்றைத் தகர டக்ட் வைத்து நேராக வெளியே விடுங்கள், அது திரும்ப அறைக்குள் வந்தால் அதையே மெஷின் மறுபடி இழுக்கும். இழுக்கும் ஜன்னல் வடக்குப் பக்கம் நிழலில் இருக்கட்டும். உள்ளே போகும் காற்று 4 டிகிரி குறைந்தால் கரண்டிலும் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ட்ரிப் ஆகிறதே என்று செட்டிங்கை ஏற்றிவிடாதீர்கள். சூடு 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும்.

கேள்வி: பழைய 15 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர் விலைக்கு வருகிறது. 50 சி.எஃப்.எம். என்கிறார்கள். சோதிப்பது எப்படி? (மதுரை)

டேங்கை நிரப்பி நேரம் பாருங்கள். டேங்கின் வெளி வால்வை மூடி, காற்றை முழுக்க வடித்து, தண்ணீரையும் வடித்துவிட்டு ஓட்டுங்கள். 0-விலிருந்து 7 கிலோ ஏற எத்தனை நிமிடம்? டேங்க் 500 லிட்டர் என்றால் 7 கிலோ ஏற ஏறக்குறைய 3.45 கன மீட்டர் காற்று உள்ளே போக வேண்டும். மூன்று நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 1.15 கன மீட்டர், அதாவது 40 சி.எஃப்.எம். டேங்கிலுள்ள காற்று வெளியை விட 15 டிகிரி சூடாக இருந்தால் அதில் 5 சதவீதம் கழியுங்கள், 38-தான். அவர்கள் சொன்ன 50 டிஸ்பிளேஸ்மென்ட்டா, எஃப்.ஏ.டி.யா என்று முதலில் கேளுங்கள். எஃப்.ஏ.டி. 50 என்று சொன்ன மெஷின் 38 தருகிறது என்றால் ரிங்கும் வால்வும் போயிருக்கின்றன. அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

டேங்கின் அடிப்பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். துரு உள்ளிருந்துதான் தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். தகட்டின் கனத்தை அல்ட்ராசானிக் மீட்டரில் அளந்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து சான்று வாங்காமல் ஓட்ட வேண்டாம். அந்தச் சோதனையைக் காற்றில் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். தண்ணீர் நிரப்பிய டேங்க் கிழிந்தால் பீய்ச்சி அடித்து அடங்கிவிடும், காற்று நிரப்பியது குண்டு போல வெடிக்கும்.

கேள்வி: காற்று லைனுக்கு பி.வி.சி. குழாய் போட்டால் மலிவு. தண்ணீருக்கு 10 கிலோ தாங்கும் குழாய் காற்றுக்கு 7 தாங்காதா? (சேலம்)

போடாதீர்கள். அந்த 10 கிலோ தண்ணீருக்கு, அதுவும் குளிர்ந்த தண்ணீருக்கு. 45 டிகிரி காற்றில் பி.வி.சி. பலம் இழக்கும், கம்ப்ரசர் எண்ணெய் பட்டால் மெல்ல நொறுங்கும் தன்மைக்கு வரும். ஏணி இடித்தாலே கண்ணாடி போலச் சில்லுகளாகத் தெறிக்கும். ஜி.ஐ. அல்லது அலுமினியம் போடுங்கள். மெயின் குழாய் 100-க்கு 1 என்ற சரிவில் ஓடட்டும், கிளைகளைக் குழாயின் மேல் பக்கத்திலிருந்து வளைத்து இறக்குங்கள், தண்ணீர் மெயினிலேயே தங்கிக் கடைசி டிரெயினுக்குப் போகும். முடிந்தால் ஆலையைச் சுற்றி வளையமாக இணையுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பக்கமிருந்தும் காற்று வரும், அதனால் குழாயில் பிரஷர் இறங்குவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிய பிறகு ஸ்க்ரூ கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்ததும் ஃபேஸ் ஃபால்ட் என்று நிற்கிறது. எலக்ட்ரீஷியன் ரிலேயை பைபாஸ் செய்யலாம் என்கிறார். (விருதுநகர்)

வேண்டவே வேண்டாம். ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது, மோட்டார் தலைகீழாகச் சுற்றப் பார்க்கிறது, ரிலே தடுக்கிறது. தலைகீழாகச் சுற்றும் ஸ்க்ரூவுக்கு எண்ணெய் கிடைக்காது. சில விநாடிகளிலேயே ரோட்டர்கள் உரசி ஏர் எண்ட் வீணாகிவிடும், மெஷினிலேயே விலை கூடிய பாகம் அது. மெயினை அணைத்து, உள்ளே வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றி இணைக்கச் சொல்லுங்கள். மற்ற மோட்டார்கள் சரியான திசையில் சுற்றுகின்றன என்றால் கம்ப்ரசரில் மட்டும் மாற்றுங்கள், மெயின் பேனலில் மாற்றினால் அவையும் திசை மாறும். ஜெனரேட்டர் இருந்தால் அதிலும் ஒருமுறை ஓட்டி, இரண்டு சப்ளையிலும் வரிசை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.